சேமித்து வைக்கப்பட்ட பாலம்

குண்டஹள்ள ஓடையின் மேல் போட வேண்டிய இரும்புப் பாலம், இரண்டு வருஷமாக ஓடையின் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது. இரு கரையிலும் காங்கிரீட் மேடை கட்டியாகிவிட்டது. உத்தரங்கள், குறுக்குச் சட்டங்கள், மிதித்து நடக்கத் தகடுகள், ஒரு சாக்கு நிறைய மரையாணிகள் எல்லாம் லாரியில் வந்து இறங்கிவிட்டன. 'சிற்றிணைப்பு ஆணையத்தின் சொத்து, தொடுவது தண்டனைக்குரிய குற்றம்' என்று பலகையும் நட்டாயிற்று. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான். 'நிறுவுக' என்று, சிறு பாலங்களைக் கவனிக்கும் அந்த ஆணையம் ஓர் ஆணை போட வேண்டும். அது வருகிற வழியாக இல்லை என்று கண்டு, தகடுகளுக்கு அடியில் ஒரு கோழி குடியேறி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அந்த முட்டையை எடுத்தால் குற்றமாகுமா என்று ஊரில் ஒருமுறை பேச்சு வந்து, எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார்கள்.

அக்கரையில் பதினேழு வீடுகள். இக்கரையில் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் வரும் ரோடு, கிளை அஞ்சலகம். நடுவே இரண்டு பாக்கு மரங்களைச் சேர்த்துக் கட்டிய நடைபாதை. வெயில் காலத்தில் ஓடையில் கணுக்கால் நனையாது. மழை பிடித்துவிட்டால் யானைகூட இறங்க யோசிக்கும். அக்கரைப் பிள்ளைகள் ஒன்பது பேரும் ஜூனில் வீட்டுக்குள் போனால் அக்டோபரில்தான் பள்ளிக்கூடத்தைப் பார்ப்பார்கள்.

சௌடப்பா அந்த அஞ்சலகத்தின் தபால்காரர். வீடு அக்கரையில். போன வருஷம் ஆகஸ்டில், இன்று மழை கொஞ்சம் விட்டிருக்கிறதே என்று மகள் மான்விதாவைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். நடு மரத்தில் குழந்தைக்குக் கால் வழுக்கியது. அவர் கைக்கு அகப்பட்டது சடை. பெண் மிஞ்சினாள், புத்தகப் பை போய்விட்டது. அன்றிலிருந்து அவர் மனைவி சரோஜா குழந்தைக்குச் சடையை இறுக்கிப் பின்ன ஆரம்பித்தாள்.

மார்ச் மாதம் சௌடப்பா ஒரு மனு எழுதினார். ஒரே பக்கம். பதினேழு வீட்டுக் கையெழுத்து, அதில் இரண்டு கைநாட்டு. இருபது வருஷமாகத் தபால் சுமக்கிற மனுஷர். போட்ட காகிதம் போய்ச் சேரும், சேர்ந்ததை யாராவது படிப்பார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இரண்டு பஸ் மாறி, ஜில்லா தலைநகரில் ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே சுவரில் ஆளுயரத்துக்கு 'அவசரப்பட்டு வாசியாதே' என்று எழுதியிருந்தது.

மனு வாங்கும் ஜன்னலில் பிரமீளா என்கிற அம்மாள் இருந்தார். காகிதத்தைப் பார்த்ததும், யாரோ செத்த எலியை நீட்டியதுபோல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். காகிதமெல்லாம் இப்போது வாங்குவதில்லை என்றார். எதுவானாலும் இணையத்தில் கட்டுரையாக வெளிவர வேண்டும். அந்தக் கட்டுரையை அலுவலகம் சேமித்து அதிகாரிகளின் ரீடருக்கு அனுப்பும். ரீடர் என்று அவர் காட்டியது பள்ளிக்கூட சிலேட்டு மாதிரி ஒரு சாமான். கண் கூசாத சாம்பல் திரையில் எழுத்து தெரிந்தது.

"மேடம், ஒரே பக்கம்தான். இப்பவே ஒரு தடவை படிச்சுட்டீங்கன்னா தேவல."

பிரமீளா சுற்றும் முற்றும் பார்த்தார். "மெதுவா பேசுங்கண்ணா. இங்க யாரும் படிக்கறது கிடையாது. படிக்கறதெல்லாம் அப்புறம்."

"அப்புறம்னா எப்ப?"

"சேமிச்சதுக்கு அப்புறம்."

இந்த ஏற்பாட்டுக்குக் காரணமானவர் ஆணையர் வாதிராஜ். ஒரு பயிற்சிக்காகப் பத்து நாள் வெளிநாடு போய்வந்தார். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு ரீடரை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதைக் கண்டார். விசாரித்ததில், இணையத்தில் நல்ல கட்டுரை எது கண்ணில் பட்டாலும் அதில் சேமித்துக்கொள்வதாகவும், பிறகு சாவகாசமாகப் படிப்பதாகவும் அந்த மனிதர் சொன்னார். அவர் சொன்னதில் முதல் பாதி வாதிராஜின் மனதில் ஆழமாகப் பதிந்தது. ஊர் திரும்பியதும் முப்பத்தாறு ரீடர்கள் வாங்கப்பட்டன. போன் மணிக்கும் டீக்கும் நடுவே மனுக்களைப் படிப்பதால்தான் தப்பான முடிவுகள் உண்டாகின்றன, ஆகையால் இனி எல்லாம் சேமிக்கப்பட்டு அமைதியான வேளையில் வாசிக்கப்படும் என்று சுற்றறிக்கை போயிற்று. அப்புறம் என்பதற்குக் கன்னடத்தில் ஆமேலே என்பார்கள். திட்டத்துக்கு 'ஆமேலே வாசிப்பு' என்றே பெயர் வைத்தார். ஜனங்கள் அதைச் சுருக்கி அலுவலகத்தையே ஆமேலே ஆபீஸ் ஆக்கிவிட்டார்கள். நின்றுகொண்டு படிப்பது, ஜன்னலில் படிப்பது, மனுதாரர் கண்ணெதிரே படிப்பது மூன்றுக்கும் அங்கே தடை இருந்தது.

தாலுகா ஊரில் ராகேஷ் ஷேட் என்று ஒருவன் மொபைல் கடை வைத்திருந்தான். கூடவே 'மலைத் தூறல்' என்று ஒரு இணையச் செய்தித்தாளும் நடத்தினான். சௌடப்பா அவனிடம் போனார். அரை மணியில் கட்டுரை வெளிவந்தது. 'பாலம் இருக்கு, ஆனா பாலம் இல்ல! தபால்காரர் சொன்ன அதிர்ச்சித் தகவல்' என்று தலைப்பு. படத்தில் இரும்பும் கோழியும் நன்றாகவே விழுந்திருந்தன.

மறுவாரம் ஆணையத்தில் அதைச் சேமித்து ரசீது கொடுத்தார்கள். பிரமீளாவுக்கு என்ன தோன்றியதோ, ரீடரைத் திருப்பிப் பட்டியலைக் காட்டினார். அதில் இருந்தது, பாக்குக் காய் அழுகலுக்கு மூன்றே நாளில் குணம் தரும் மருந்தைப் பற்றி. பக்கத்து விளம்பரம் ஏறிவிட்டது, கட்டுரை வெளியிலேயே நின்றுவிட்டது. படங்கள் எப்படியும் ஏறாது என்றார்.

ராகேஷ் விளம்பரத்தை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டான். இந்த முறை கட்டுரை ஏறியது, ஆனால் படிக்க இரண்டு நிமிஷம் ஆகும் என்று ரீடர் கணக்குச் சொன்னது. எட்டு நிமிஷத்துக்குக் குறைந்தால் அது கட்டுரை ஆகாது, துணுக்கு என்றார்கள். துணுக்குகளை அதிகாரிகள் சேமிப்பது கௌரவக் குறைவு.

"என்ன எழுதணும்னு சொல்லாதீங்க மாராயா," என்றான் ராகேஷ். "எத்தனை நிமிஷம்னு சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவன் பார்த்துக்கொண்டான். பாண்டவர்கள் வனவாசத்தில் குண்டஹள்ளத்தைக் கடந்ததும், பீமன் பாறையில் கால் ஊன்றிய தடம் இன்றும் இருப்பதும் சௌடப்பாவுக்குக் கட்டுரையைப் படித்துத்தான் தெரியும். ஆனால் ராகேஷுக்குக் கை நின்றபாடில்லை. இருபத்தாறு நிமிஷம் ஆகிவிட்டது. பதினைந்தைத் தாண்டினால் 'விடுமுறை வாசிப்பு', அது தசராவுக்குத்தான் என்றார் பிரமீளா. திரௌபதியை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு நிமிஷத்துக்குக் கொண்டுவந்தார்கள். தலைப்பும் 'பீமன் கடந்த ஓடை' என்று கண்ணியமாக மாறியது. நடுவில், ஏழாவது நிமிஷம் வாக்கில், பாலமும் மான்விதாவின் சடையும் இருந்தன.

மே பாதியில் கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டு முப்பத்தாறு ரீடர்களிலும் போய் உட்கார்ந்தது. 'உங்கள் கட்டுரை சேமிக்கப்பட்டது' என்ற ரசீதைச் சௌடப்பா சரோஜாவிடம் காட்டினார். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பாலம் எப்போது என்று கேட்டாள். படிப்பார்கள் என்றார். வானத்தைப் பார்த்தீர்களா என்றாள்.

வானம் கருத்துக்கொண்டு வந்ததால்தான் அவர் மே கடைசியில் இன்னொரு தரம் போனார். வாசிப்பு அறை கதவு திறந்திருந்தது. பிரம்பு நாற்காலிகளில் காலை நீட்டி அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். கையில் தோல் உறை போட்ட ரீடர்கள். படிக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. காது கொடுத்துக் கேட்டபோது, எனக்கு நாலாயிரம் ஆகிவிட்டது, நீ இன்னும் மூவாயிரத்திலேயே நிற்கிறாயே என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எதைத் திறந்தாலும் கட்டுரை முடிந்துவிடும், முடிந்தால் பட்டியல் குறையும் என்பதால் யாரும் திறக்கவில்லை.

உதவிப் பொறியாளர் பரமேஷ் மட்டும் ஒரு மூலையில் தனியாக இருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விவரம் தெரியாமல் நாற்பது கட்டுரைகளைப் படித்துத் தீர்த்துவிட்டாராம். கையிருப்பு குறைந்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்ததாம். பதவி உயர்வு அதோடு நின்றுபோயிற்று.

"உங்க கட்டுரை ரொம்ப நல்லா இருக்குன்னு கேள்விப்பட்டேன்," என்றார் பரமேஷ். "நான் படிக்கல. ஒரு தடவை பட்டது போதும் எனக்கு."

ஜூன் முதல் வாரம் ஒரு கடிதம் வந்தது. தமக்கு வந்த கடிதத்தைத் தாமே முத்திரை குத்தித் தாமே கொடுத்துக்கொண்டு பிரித்தார் சௌடப்பா. ஆமேலே வாசிப்புத் திட்டத்தின் ஆண்டு நிறைவு விழாவில், ஆண்டின் மிக அதிகம் சேமிக்கப்பட்ட கட்டுரைக்கான விருது அவருக்கு. பல அதிகாரிகள் ஒருமுறைக்கு இருமுறை சேமித்திருப்பதாகவும் அதில் கண்டிருந்தது. விருது எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் ஆணையரை நேருக்கு நேர் பார்க்கலாம் என்பது விளங்கியது.

விழாவில் அவருக்கு மைசூர் தலைப்பாகை வைத்தார்கள், சால்வை போர்த்தினார்கள், பழக்கூடையை மடியில் ஏற்றினார்கள். பிறகு வாதிராஜ் பேசினார்.

"முந்தியெல்லாம் ஒரு மனு வந்தா என்ன ஆகும்? யாராவது ஒருத்தர் படிப்பார். படிச்சா சும்மா இருக்க முடியுமா? முடியாதுன்னு எழுதிடுவார். எத்தனை ஜனங்களோட மனசு உடைஞ்சிருக்கும் யோசிச்சுப் பாருங்க. இந்த ஒரு வருஷத்துல பதினோராயிரத்து நானூறு கட்டுரை சேமிச்சிருக்கோம். ஒண்ணுக்குக்கூட நாங்க முடியாதுன்னு சொல்லல." கைதட்டல். "சிலர் கேக்கறாங்க, எத்தனை படிச்சீங்கன்னு. நெல்லுக் களஞ்சியத்தைப் பாத்து, எப்ப காலி ஆகும்னு யாராவது கேப்பாங்களா? காலியான களஞ்சியம் ஊருக்கு அவமானம். நம்ம களஞ்சியம் நிறைஞ்சிருக்கு. இன்னும் நிறையும்."

கைதட்டல் அடங்கியதும் எழுத்தாளரைப் பேச அழைத்தார்கள். சௌடப்பா தலைப்பாகையைக் கழற்றிப் பழக்கூடையின் மேல் வைத்தார். மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் அந்த ஒரு பக்க மனு அவருக்கு மனப்பாடம்.

"எங்க ஊர்ல ஒரு ஓடை இருக்கு," என்று ஆரம்பித்தார். "அதுல போன வருஷம் என் பொண்ணு..."

வாதிராஜ் பதறி எழுந்து ஒலிபெருக்கியைக் கையால் மூடினார். "சௌடப்பாரே, தயவுபண்ணி உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடாதீங்க. நாங்க யாரும் இன்னும் படிக்கல."

சபை சிரித்தது. ரசனையுள்ள ஆணையர் என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். வாதிராஜும் உற்சாகமாகிவிட்டார். தலைப்பைப் பார்த்தாலே உடம்பு சிலிர்க்கிறது, பீமன் கடந்த அந்த இடத்துக்கு நானே வருகிறேன், அங்கே ஒரு பெயர்ப்பலகை திறந்து வைப்போம் என்று மேடையிலேயே அறிவித்தார். சௌடப்பா தலையை ஆட்டினார். வீட்டில் சரோஜா பழக்கூடையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, சால்வையை மான்விதாவுக்குப் போர்த்திப் பார்த்தாள். குளிருக்கு ஆகும் என்றாள்.

ஒன்பதாம் தேதி வாதிராஜ் ஜீப்பில் வந்து இறங்கினார். கூடப் பரமேஷும் ஒரு பெயர்ப்பலகையும். காலையிலிருந்து தூறல். ஓடைக்கரையில் இரும்பைக் கண்டதும் ஆணையர் நின்று, இது என்ன என்று கேட்டார். நம் சொத்து ஸார் என்றார் பரமேஷ். ஒரு ஆணிகூடக் காணாமல் போகவில்லையே, ஜனங்கள் எவ்வளவு பொறுப்பாக வைத்திருக்கிறார்கள் என்று ஆணையர் மகிழ்ந்தார்.

பீமன் தடம் அக்கரையில் இருந்தது. ராகேஷ் முதல் நாளே வந்து, பாறையில் ஒரு பள்ளத்தைத் தேர்ந்தெடுத்து மஞ்சள் பூசிவிட்டுப் போயிருந்தான். வாதிராஜ் கண்ணை மூடிக்கொண்டு, சௌடப்பாவின் தோளைக் கட்டிப் பிடித்தபடி, பாக்கு மரத்தில் அடிமேல் அடி வைத்துக் கடந்தார். பரமேஷ் பின்னால் வருவதாகச் சொல்லி இக்கரையிலேயே நின்றுகொண்டார். பலகை திறந்து, பள்ளத்தில் பூப்போட்டு, ஆணையர் படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தபோது மலைமேல் பெய்த மழை ஓடைக்கு வந்து சேர்ந்தது. இரைச்சல் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். பாக்கு மரம் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு தண்ணீரோடு போயின.

வாதிராஜ் அன்று சௌடப்பாவின் வீட்டில் தங்கினார். மறுநாளும் தங்கினார். சௌடப்பாவின் வேட்டி, சரோஜா வைத்த கஞ்சி, மாவடு, சுட்ட பலாக்கொட்டை. போனில் சிக்னல் இல்லை, பிறகு போனிலேயே உயிர் இல்லை. ரீடர் மட்டும் ஒரு மாதம் சார்ஜ் தாங்கும் ஜாதி. மூன்றாம் நாள் காலை அவர் அதைக் கையில் எடுத்தார். முதலில் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பார்க்க யாரும் இல்லை என்ற தைரியமோ என்னவோ, ஒரு கட்டுரையைத் திறந்தார். பழக்கம் விட்டுப்போயிருந்தது. உதடு அசைய, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். பன்னிரண்டு நிமிஷக் கட்டுரைக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"சௌடப்பாரே," என்றார், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு. "அந்தப் பொண்ணைச் சடையைப் புடிச்சு இழுக்கற இடம் இருக்கே, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பீமன் வர்ற பகுதிதான் கொஞ்சம் நீளம்."

"அது நிமிஷத்துக்காகப் போட்டது ஸார்."

"இந்த ஓடை எங்க இருக்கு?"

சௌடப்பா வாசல் பக்கம் தலையைக் காட்டினார். அங்கே பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த மான்விதா, தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பினாள். சடை இறுக்கமாகப் பின்னியிருந்தது. வாதிராஜ் அவளைப் பார்த்தார். அவளுக்கு அப்பால் ஓடையைப் பார்த்தார். அதற்கும் அப்பால் குடை பிடித்தபடி இரும்புக்குக் காவல் நிற்கும் பரமேஷைப் பார்த்தார்.

"இதை யாராவது முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் கடைசியில்.

இன்னும் கொஞ்சம் கஞ்சி வேண்டுமா என்று கேட்டார் சௌடப்பா.

வாதிராஜ் கரைக்குப் போய்ப் பாலத்தைப் போடும்படி பரமேஷுக்குக் கூவினார். வாய்மொழி உத்தரவு செல்லாது ஸார் என்று பரமேஷ் பதிலுக்குக் கூவினார். ஆணையர் ஒரு இன்லண்டு கடிதத்தில் 'நிறுவுக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கல்லில் கட்டி எறிந்தார். முதல் இரண்டு கல்லும் கடிதத்தோடு தண்ணீரில் விழுந்தன, மறுபடி மறுபடி எழுதினார். மூன்றாவது பரமேஷின் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து பார்த்தார், எடுக்கவில்லை.

"ஸார், காகிதம் நாம வாங்கறது இல்லையே. இதையே இணையத்துல ஒரு எட்டு நிமிஷத்துக்கு வர்ற மாதிரி போட்டீங்கன்னா..."

"யோவ், நான்தான்யா ஆணையர்."

"அதனாலதான் ஸார் கேக்கறேன்."

அன்று சாயங்காலம் சரோஜா அரிசிப் பானையைச் சாய்த்துப் பார்த்தாள். இன்னும் ஒரு வேளைக்கு வரும் என்றாள். "ஆணை வந்து சேர்றதுக்குள்ள அரிசி தீந்துடும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

சௌடப்பா அதுவரை ஒரு விதியையும் மீறினவர் இல்லை. அடுத்த வீட்டுக் கடிதத்தின் முகவரியைக்கூட இரண்டாம் தரம் படிக்க மாட்டார். மறுநாள் விடிந்ததும் கரைக்குப் போனார். இக்கரையில் பால் கறக்கும் லிங்கப்பாவும் பத்துப் பதினைந்து ஆட்களும் வேடிக்கை பார்க்க நின்றிருந்தார்கள். சௌடப்பா கைகளை வாயருகே குவித்துக்கொண்டார்.

"லிங்கப்பா, அந்தக் கோழியைத் தூக்கி அந்தாண்ட விடு."

லிங்கப்பாவுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பரமேஷ் திரும்பி நின்றுகொண்டார், தாம் எதையும் பார்க்கவில்லை என்பதற்கு அடையாளமாகக் குடையையும் முதுகுப் பக்கம் சாய்த்துக்கொண்டார். கல்லில் கட்டிய கயிறு இக்கரைக்குப் போயிற்று. அதோடு வடம் வந்தது, வடத்தோடு உத்தரம் வந்தது. இக்கரையிலிருந்து தள்ளினார்கள், அக்கரையிலிருந்து இழுத்தார்கள். பதினேழு வீட்டு ஆண்களும் பெண்களும் வடத்தைப் பிடித்தார்கள். ஆள் போதாமல் உத்தரம் நடுவில் தொங்கியபோது, கடைசியில் ஒரு கை வந்து சேர்ந்தது. பார்த்தால் ஆணையர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். இருமுறை சேற்றில் விழுந்தார். இருட்டுவதற்குள் உத்தரங்கள் மேடையில் உட்கார்ந்தன. மறுநாள் மதியம் தகடு முடுக்கி முடிந்தது. இரண்டு வருஷம் ஆணைக்குக் காத்திருந்த பாலம் ஒன்றரை நாளில் நின்றது.

வாதிராஜ் கொப்புளம் கண்ட உள்ளங்கையோடு அதன்மேல் நடந்து போனார். நடுவில் நின்று, குதித்துப் பார்த்தார். ஜீப்பில் ஏறும்முன் திரும்பி, மான்விதாவுக்குக் கையாட்டினார். நல்ல மனுஷர் என்று சரோஜா சொன்னாள்.

ஒன்பது நாள் கழித்து ஆணையத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. கொடுப்பவர் இடத்திலும் பெறுபவர் இடத்திலும் சௌடப்பாவே கையெழுத்துப் போட்டார். ஆணையின்றி அரசுப் பொருளை நிறுவியது குற்றம், பதினைந்து நாளில் விளக்கம் தராவிட்டால் பாலம் கழற்றப்பட்டு முன்பிருந்த நிலையில் படுக்க வைக்கப்படும் என்றிருந்தது. கீழே வாதிராஜின் கையெழுத்து. கொப்புளம் ஆறியிருக்க வேண்டும், எழுத்து நேராக இருந்தது.

அந்தக் கடிதத்தோடு பிரமீளாவிடம் போனார். ஆணையர் மேல் வருத்தப்படாதீர்கள், கையெழுத்துப் போடுகிறவற்றையும் அவர் அப்புறம்தான் படிப்பார் என்றார் பிரமீளா. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"விளக்கத்தை இணையத்துல போடுங்கண்ணா. நாப்பது நிமிஷத்துக்குக் குறையாம பாத்துக்குங்க. விளக்கம் வாசிக்கப்படும் வரைக்கும் மேல்நடவடிக்கை கிடையாதுன்னு விதி இருக்கு."

ராகேஷ் ஐம்பத்து மூன்று நிமிஷத்துக்கு எழுதினான். திரௌபதிக்கு இந்த முறை இடம் கிடைத்தது. கட்டுரை முப்பத்தாறு ரீடர்களிலும் சேமிக்கப்பட்டு ரசீது வந்தது. அதை வாங்கிக்கொண்டு திரும்பியவரைப் பிரமீளா கூப்பிட்டார். அந்த முதல் மனு, காகிதத்தில் எழுதியது, இருக்கிறதா என்று கேட்டார். சௌடப்பாவின் தபால் பையில் அது நாலாய் மடிந்து கிடந்தது. பிரமீளா அதை வாங்கி, ஜன்னலிலேயே, நின்றுகொண்டே, மனுதாரர் கண்ணெதிரே கடைசிக் கைநாட்டு வரைக்கும் படித்தார். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருக்கும். "பொண்ணு நல்லா இருக்காளாண்ணா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மழைக்காக விட்டிருந்த விடுமுறை முடிந்து, ஜூன் கடைசிச் சனிக்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. அக்கரைப் பிள்ளைகள் ஒன்பது பேரும் தகடு அதிர அதிர ஓடி வந்து வகுப்பில் உட்கார்ந்தார்கள். யமுனா டீச்சர் அவர்களைப் பார்த்ததும் வருகைப் பதிவேட்டைச் சட்டென்று மூடினார். வருஷா வருஷம் நடப்பதுதானே என்று, அந்த ஒன்பது பெயருக்கும் நேராகச் செப்டம்பர் முடிய ஆப்சென்ட் போட்டு முன்னதாகவே வேலையை முடித்து வைத்திருந்தார். அழிப்பானை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பேனா மை, தாள்தான் கிழிந்தது. பீரோவைத் திறந்து புதுப் பதிவேடு ஒன்றை எடுத்து, கோடு போட்டு, முதலிலிருந்து பெயர்களை எழுத உட்கார்ந்தார். மான்விதாவின் பெயருக்கு வந்தபோது பேனா நின்றது.

"நாளைக்கும் வருவீங்கதானே?" என்று கேட்டார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, டீச்சர்," என்றாள் மான்விதா.